படம் எடுத்தது நீங்க. விற்கும் உரிமை யாருக்கு?

பண்டமாரானில் ஒரு கல்யாணம். காசு வாங்கிப் படம் எடுத்தீங்க. அந்தப் படங்களை இணையத்தில் விற்கலாமா?

பொதுவாக, எடுத்தவருக்கே பதிப்புரிமை. ஆனால் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுத்த படத்தின் உரிமை அவருக்கே போய்விடும். வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் விலக்கு. அதனால், முன்பணம் வாங்கும்போதே 'பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க.

அது மட்டும் போதாது. ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்களில் விளம்பரத்துக்கு விற்க, முகம் தெரியும் ஒவ்வொருவரின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து.

பத்துமலைத் தைப்பூசத்தில் நீங்களாகவே எடுத்த படமா? உரிமை உங்களுடையது. ஆனால் சம்மதக் கடிதம் இல்லாவிட்டால், செய்திப் பயன்பாட்டுக்கான பிரிவில் மட்டும் பதிவேற்றுங்க.

அசல் கோப்பை அழிச்சிடாதீங்க. தகராறு வந்தால் அதுவும் ஒரு சாட்சி.