தலையைத் தாங்கிப் பிடிங்க: ரீபார்ன் பொம்மைகளின் கதை

இன்னைக்குக் கதை 2016ல ஆரம்பிக்குது. அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல கீன்னு ஒரு ஊர். ஒரு கடை வாசல்ல, பூட்டின காருக்குள்ள ஒரு குழந்தை அசையாம கிடக்குன்னு போலீஸுக்குத் தகவல் வருது. வந்த அதிகாரி யோசிக்கவே இல்ல. கண்ணாடியை உடைச்சுக் குழந்தையை வெளியே எடுத்து, முதலுதவி செய்யப் பார்க்கிறார். அப்புறம்தான் தெரியுது, அது பொம்மை.

அந்தச் செய்தியைப் படிச்ச பலபேர் சிரிச்சாங்க. ஆனா அதிகாரி செஞ்சதுல என்ன தப்பு? பார்க்கிறவங்க பதறித் தூக்கணும்னேதான் அந்தப் பொம்மையைச் செஞ்சிருக்காங்க. அதுக்குப் பேர் ரீபார்ன். மறுபடி பிறந்ததுன்னு அர்த்தம்.

ஏன் 'மறுபடி'? 1990கள்ல அமெரிக்காவுல பொம்மை சேகரிக்கிறவங்க சிலர், கடையில வாங்கின வினைல் குழந்தைப் பொம்மைகளைப் பிரிச்சு, பெயின்ட்டை எல்லாம் அழிச்சுட்டு, முதல்ல இருந்து மறுபடி செய்ய ஆரம்பிச்சாங்க. மெல்லிசா ஒரு பூச்சு பூசுவாங்க, ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸ்ல அடுப்புல வைப்பாங்க, அடுத்த பூச்சு. இப்படிப் பல தடவை. தோலுக்கு அடியில ஓடுற நீல நரம்பு, சிவந்த உள்ளங்கால் எல்லாம் அப்படித்தான் வருது. அங்கோரா ஆட்டு முடியை ஊசியால ஒண்ணு ரெண்டு இழையா தலையில குத்தி ஏத்துவாங்க. 2000களின் தொடக்கத்துல ஈபே மாதிரி தளங்கள் வழியா, இந்த வீட்டுக் கைவேலைக்கு உலகச் சந்தை கிடைச்சுது.

இதுல முக்கியமான விஷயம் எடை. துணி உடம்புக்குள்ள பொடிப்பொடியான கண்ணாடி மணிகளை நிரப்பி, பிறந்த குழந்தையோட கனத்துக்குக் கொண்டு வருவாங்க. தலைக்குள்ளயும் கனம் உண்டு. அதனால நீங்க தூக்கினா தலை பின்னால சாயும். உங்க கை தானா கழுத்துக்கு அடியில போகும். யாரும் சொல்லித் தரவேண்டியதே இல்ல.

சரி, வாங்கினவங்க தினமும் என்ன பண்றாங்க? பார்த்தா குழந்தை வளர்ப்பு மாதிரியே இருக்கும். ஆனா விதிகள் எல்லாம் வினைலுக்கும் பெயின்ட்டுக்கும் ஏத்தது. குளிப்பாட்டக் கூடாது, துணி உடம்புக்குள்ள தண்ணி போனா பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால மெதுவா துடைக்கலாம், அவ்வளவுதான். வெயில்ல வைக்கக் கூடாது, நிறம் வெளுக்கும். கருப்பு, அடர் சிவப்புத் துணியோட சாயம் வினைல்ல ஊறிட்டா போகவே போகாது. அதனால முதல்ல வெளிர் நிறத்துல ஒரு உள்சட்டை. தலைமுடிக்கு எண்ணெய் கூடாது, கொஞ்சம் தண்ணி தெளிச்சு மெல்லிய பிரஷ்ஷால சீவணும். வாய்ல வைக்கிற சூப்பான் பல பொம்மைகள்ல காந்தத்தாலதான் ஒட்டும். அதனால இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க அதை நெஞ்சோட அணைக்கக் கூடாதுன்னு எச்சரிக்கிறாங்க.

இது ஏதோ இணைய காலத்துப் பைத்தியம்னு நினைக்காதீங்க. ஜெர்மனியில, இப்போ பவேரியாவுல இருக்கிற மெடிங்கன் கன்னியர் மடத்துக்குப் போவோம். வருஷம் 1344. மார்கரெத்தா எப்னர்ங்கிற கன்னியாஸ்திரிக்கு வியன்னாவுல இருந்து தொட்டிலோட ஒரு குழந்தை இயேசு சிலை வருது. அதைத் தாலாட்டினதையும், அணைச்சுப் பால் கொடுத்ததையும் அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அடுத்த நூற்றாண்டுல இத்தாலியில, ஃப்ளோரன்ஸ் நகரத்துல, மடத்துக்குப் போற பெண்களோட சீர்வரிசையிலயே குழந்தை இயேசு பொம்மையும் அதுக்கு விலையுயர்ந்த உடுப்பும் இருந்துச்சு. கல்யாணமாகிப் போற பெண்களுக்கும் அப்படிக் கொடுத்திருக்காங்க. அங்கே அதுக்குப் பேர் பக்தி. யாரும் சிரிக்கல.

1920கள்ல இது வியாபாரம் ஆச்சு. கிரேஸ் ஸ்டோரி பட்னம்ங்கிற அமெரிக்கச் சிற்பி, பிறந்து மூணே நாள் ஆன குழந்தையை மாதிரியா வச்சு 'பை-லோ பேபி'யை உருவாக்கினாங்க. தலை ஜெர்மனியில சுட்ட பீங்கான், உடம்பு துணி. சுருங்கின முகம், இடுங்கின கண்ணு. அழகா சிரிக்கிற பொம்மையைத்தான் ஜனங்க வாங்குவாங்கன்னு நினைச்ச காலத்துல இது அமோகமா வித்துது. 'மில்லியன் டாலர் பேபி'ன்னே பேர் வாங்குச்சு.

இப்போ 2025க்கு வருவோம். பிரேசில்ல ரீபார்ன் பொம்மை அரசியல் ஆயிடுச்சு. இந்தப் பொம்மை செய்றவங்களைக் கௌரவிக்க ஒரு தினம் வேணும்னு ரியோ டி ஜெனிரோ நகர மன்றம் மே மாசம் மசோதா நிறைவேத்துச்சு. அடுத்த மாசமே மேயர் எடுவார்தோ பயஸ் அதை நிராகரிச்சார். இன்னொரு பக்கம், பொம்மையைத் தூக்கிட்டு அரசு மருத்துவமனைக்கு வந்தா அபராதம்னு சில உறுப்பினர்கள் மசோதா கொண்டு வந்தாங்க.

கேலி எல்லாம் யார் மேல விழுதுன்னு கவனிங்க. ஒரு ஆண் தன்னோட பழைய பைக்கைத் தினமும் துடைச்சுப் பளபளன்னு வச்சிருந்தா, 'ரசனை'ங்கிறோம். ஒரு பெண் பொம்மையைத் துடைச்சா, 'இவளுக்கு என்னமோ ஆச்சு'ங்கிறோம். இவங்கள்ல பலருக்கு இது வெறும் சேகரிப்பு. சிலர் இழந்த குழந்தையோட போட்டோவைக் கொடுத்து அதே முகத்துல பொம்மை செய்யச் சொல்றாங்க. அது துக்கத்தை ஆத்துமா, இல்ல ஆறவே விடாதான்னு நிபுணர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. ஞாபக மறதி நோய் வந்த முதியவங்க சிலர் பொம்மையைக் கையில வாங்கினதும் அமைதியாகிறதால, சில முதியோர் இல்லங்கள்ல இதைப் பயன்படுத்துறாங்க. பெரியவங்களைக் குழந்தையா நடத்துறதா இதுன்னு அங்கேயும் ஒரு கேள்வி ஓடிட்டுத்தான் இருக்கு.

அந்தக் கன்னியாஸ்திரிக்கும், கீன்ல கண்ணாடியை உடைச்ச அதிகாரிக்கும் நடுவுல ஏறக்குறைய 670 வருஷம். ரெண்டு பேர் கையும் ஒரே வேலையைத்தான் செஞ்சுது. அடுத்த தடவை இந்தப் பொம்மையோட வீடியோ ஒண்ணு உங்க போன்ல வந்தா, கமென்ட் போடுறதுக்கு முன்னாடி அவங்க அதை எப்படிப் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க. ஒரு கை நிச்சயமா தலைக்கு அடியில இருக்கும்.