தோட்ட வாயிலும் படிப்புரைக் கதவும்

சென்ற ஐப்பசித் திங்களிற் பெய்த அடைமழையில் எம் தோட்டத்து மரக்கதவு சாய்ந்து நிலத்தைக் கவ்விக்கொண்டது. அது செய்யப்பெற்றுப் பதினெட்டுத் திங்களும் நிரம்பவில்லை. மரம் நல்ல மரமே, கூலியும் குறைவன்று. ஆயினும் நாடோறும் அதனைத் தோளால் தூக்கித் திறக்கவேண்டிய நிலை நேர்ந்தபோதுதான், கதவு என்னும் பொருளைப்பற்றி யாம் ஒன்றும் அறியாதிருந்தமை புலனாயிற்று. கபாடம், அரரி, தோட்டி என்று நிகண்டுப் பெயர்களை மாணாக்கர்க்கு ஒப்புவிக்கும் நமக்கு, "ஐயா, கதவு ஏன் தொங்குகிறது?" என்று அவருள் ஒருவன் வினவின் விடை கூற இயலாதன்றோ? முதிய தச்சரான எம் தாய்மாமனாரிடம் இதனை உரைத்தேம். அவர் கதவைப் பார்க்க வரவில்லை. எம்மைப் பத்மநாபபுரத்துக்கு அழைத்துச் சென்றார்.

தக்கலைக்கு அண்மையில் உள்ள அப்பழந்தலைநகர் முன்னாளிற் கற்குளம் எனப்பட்டது. ஆண்டு 1601-ஐ ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் அரண்மனைப் பணியைத் தொடங்கினர் என்பர். இன்று நாம் காணும் வடிவிற் பெரும்பகுதி, 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் காலத்தது. குளச்சலில் 1741-இல் ஒல்லாந்தரை வென்ற அவ்வரசர், கொல்லம் 925-இல், அஃதாவது 1750-இல், நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு அடியறை வைத்தார். அவருக்குப் பின் வந்தோர் காலத்தில், 1795-ஐ ஒட்டித் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை இராச்சியத்தோடு இணைந்த பின்னும், அரண்மனை மட்டும் கேரளத் தொல்பொருட்டுறையின் காவலிலேயே உள்ளது. தன் நிலத்தில் நின்றே பிறர்க்குரியதாகிய வீடு அது!

அங்குச் செல்வோர் பூமுகத்து மேற்கூரையிற் செதுக்கிய தொண்ணூறு வகைப் பூக்களையும், தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்திற் கடைந்த தூணையும் கண்டு வியப்பர். எம் மாமனாரோ படிப்புரையிலேயே நின்றுவிட்டார். படிப்புரை என்பது மதிலிடையே ஓடு வேய்ந்த கூரையோடு நிற்கும் நுழைவாயில். நம் நாஞ்சில் நாட்டு ஊர்களில் இச்சொல் இல்லத்து முகப்பில் அமரும் இடத்தையும் குறிக்கும். மலையாளத்தில் வாயில்வீட்டையே குறிக்கும். கூரை எதற்கென்று வினவினேம். "மருமகனே, மரத்துக்கு வெயிலும் பகையன்று, மழையும் பகையன்று, நனைந்து காய்ந்து நனைந்து காய்வதே பகை. கதவுக்குக் குடை பிடித்திருக்கிறார்கள்" என்றார்.

பின்னர் அவர் கூறியதே எம் வினாவுக்கு விடை. நம் நாட்டுப் பழங்கதவுகளுக்குக் கீல் இல்லை. பக்கச்சட்டத்தின் இரு நுனியும் நீண்டு குடுமியாகும். மேற்குடுமி உத்தரத்தின் துளையிலும், கீழ்க்குடுமி கல்லிற் குடைந்த குழியிலும் சுழலும். கதவின் முழுப்பாரமும் கீழ்க்கல்லின்மேல் இறங்குகின்றது. மேற்குடுமி சாயாமற் பிடித்துக்கொள்வதன்றிச் சுமப்பதில்லை. கீற்கதவோ காற்றிலே தொங்குகின்றது. அதன் பாரம் மேற்கீலைப் பறித்திழுக்கும். கீழ்க்கீலை உள்நோக்கி அழுத்தும். தாழ்ப்பக்கத்து மூலை கீழே சரியும். இதனைத் தடுக்கவே மூலைச்சட்டம் இடுவர். அச்சட்டம் கீழ்க்கீலின் அருகில் தொடங்கித் தாழ்ப்பக்கத்து மேன்மூலைக்கு ஏறவேண்டும். அப்போது அது பாரத்தை நெருக்குதலாகத் தாங்கிக் கீழ்க்கீலுக்குச் செலுத்தும். மரம் நெருக்குதலை நன்கு பொறுக்கும்; ஆணி தைத்த முனையோ இழுப்பைப் பொறாது. எம் கதவில் அச்சட்டத்தை மறுதலையாக, மேற்கீலிலிருந்து கீழிறங்குமாறு தைத்திருந்தனர். ஆணிகள் மழையில் துருவேறித் தம்மைச் சூழ்ந்த மரத்தையும் கெடுத்தன. பழையவர் இரும்பைப் பெரிதும் நம்பவில்லை. ஒரு சட்டத்தின் நுனியை நாவாகச் செதுக்கி, மற்றதன் துளையிற் செலுத்திக் கொட்டாப்புளியால் மரமுளை அறைந்தனர்.

இவ்வறிவு நேற்றுத் தோன்றியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர், இரும்பு பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவையும், யானை கொடியோடு புகுமளவு உயர்ந்த வாயிலையும், நெய்யும் வெண்கடுகும் அப்பிய நிலையையும் காட்டுகிறார். கைவல்ல தொழிலாளன் இடைவெளி தோன்றாதபடி முடுக்கிச் செய்ததையும் கூறுகிறார். அரசியின் தனிமையைப் பாட வந்த புலவர் தச்சனின் கையைக் கண்டு ஒரு கணம் நின்றமை எமக்குப் பெருமகிழ்ச்சி தருவது.

எளியோர் தோட்டங்களில் இத்துணை ஆடம்பரம் இல்லை. இரு கற்றூண்களிலே துளையிட்டுப் பனங்கழிகளைக் குறுக்கே செருகும் உழலைமரமே எம் இளமையிற் கண்ட தோப்புவாயில். பசு நுழையாது, மனிதன் கழியை நீக்கி நுழைவான். கதவு செய்தவர்களும் தேக்கைத் தொடத் தயங்கினர். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியன இராசமரங்கள்; குடியானவன் நிலத்தில் தானே முளைத்தாலும் சர்க்காருக்கே உரியன. அரண்மனையில் தேக்கும் குடியானவன் வாயிலில் அயனியும் பலாவும் பூவரசும் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இனி, நம் சங்கத்தார் மறத்தற்கரிய ஒன்று. கொங்கு நாட்டில், வெங்கால நாட்டுக் கண்மாளர் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே செல்கையிற் செருப்பணியவும், தம் வீட்டுக்குச் சாந்து பூசவும் உரிமை பெற்றதைக் கருவூர்க் கோயிற் கல்வெட்டொன்று கூறுகிறது. ஊரார் வீட்டையெல்லாம் கட்டியவர்க்குத் தம் வீட்டுச் சுவரிற் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது! மலையாளக் கரையிலோ ஆசாரிமாரும் தீண்டாமை வரிசையில் வைக்கப்பட்டனர். உளியோடு வந்து வீட்டை முடித்துத் தச்சுக் கழித்தவர், குடிபுகுந்த பின் தாம் செய்த கதவுக்கு அப்பால் எட்டி நின்றனர். சுசீந்திரத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாரும் நடக்கவே 1926-இற் சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது. கோயிற் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் நாளை ஆலயப் பிரவேச விளம்பரத்தாலேயே. பத்மநாபபுரத்து வழிகாட்டியிடம் அரசர் பெயரையும் ஆண்டையும் வினவுவார் பலர். தச்சர் பெயரை வினவுவாரை அன்று யாம் கண்டிலேம். எம் மாமனாரும் வினவவில்லை. நிலைச்சட்டத்தின்மீது உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார்.

ஊர் மீண்ட பின் அவரே எம் கதவைச் செய்தார். திருமங்கலத்து நீலகண்டன் பதினாறாம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகையை அவர் படித்தவரல்லர். ஆனால் அதிலுள்ள கணக்கு அவர் விரல்நுனியில் இருந்தது. ஒரு கோல் 24 விரல். இக்கால அளவில் 72 செண்டிமீட்டர். வாயிலின் அகலம் இரண்டரைக் கோல், உயரம் மூன்று கோல். சுற்றளவு 11 கோல். அதனை மூன்றாற் பெருக்கின் 33. எட்டால் வகுக்க மிச்சம் 1. அது கொடி யோனி, கிழக்குக்கு உரியது. மூன்று வரின் சிங்கம், ஐந்து வரின் இடபம், ஏழு வரின் யானை. இரட்டைப்படை மிச்சம் ஆகாது. நன்மை தீமை எங்ஙனமாயினும், அகலமும் உயரமும் ஒன்றையொன்று நோக்கி அமைய இக்கணக்கு ஒரு கடிவாளம் என்பது எம் கருத்து. பகுத்தறிவாளர் பொறுத்தருள்க.

இரண்டாண்டு காய்ந்த அயனிப் பலகை. கருங்கற் குழியிற் குடுமி. மேலே இரண்டு வரி ஓடு. ஓராணியும் தைக்கவில்லை. மாசித் திங்களிற் பணி முடிந்தது. கொல்லம் 1200 என ஆண்டை மட்டும் உட்சட்டத்திற் பொறிக்குமாறு வேண்டினேம். அவர் சிற்றுளியை எடுத்து ஆண்டைப் பொறித்தார். சிறிது தயங்கி எம்மை நோக்கினார். பின் அதன் கீழே தம் பெயரையும் பொறித்துவிட்டுக் கீழ்க்குழிக்கு எண்ணெய் கேட்டார்.