வாசலில் ஒட்டிய பிழைப் பட்டியல்

உணவகம் ஒன்று வாடிக்கையாளர் சொன்ன குறைகளையெல்லாம் எழுதி வாசலிலேயே ஒட்டி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'சாம்பாரில் உப்பு அதிகம். இன்னும் சரிசெய்யவில்லை' என்று படித்த பிறகும் உள்ளே நுழைபவர் எத்தனை பேர்? 1998ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் நெட்ஸ்கேப் நிறுவனம் ஏறக்குறைய அப்படியொரு காரியத்தைத்தான் செய்தது.

பிழையை எழுதி வைக்கும் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. 1947 செப்டம்பர் 9ஆம் தேதி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினிக்குள் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்து, நாள்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர் அங்கிருந்தவர்கள். ஆனால், அப்படிப்பட்ட ஏடுகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஊரார் புரட்டிப் பார்த்ததில்லை.

இணையம் பரவத் தொடங்கிய நாட்களில் உலாவி என்றாலே பலருக்கும் நெட்ஸ்கேப்தான். மைக்ரோசாஃப்ட் தன் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸுடன் இலவசமாகவே சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்ததும் நெட்ஸ்கேப்பின் பிடி தளர்ந்தது. 1998 ஜனவரியில் அந்நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது. உலாவி இனி இலவசம். அதன் மூல நிரலும் பொதுமக்களுக்கே. மார்ச் 31ஆம் தேதி நிரல் வெளியானது. மொஸில்லா திட்டம் பிறந்தது.

நிரலை மட்டும் கொடுத்தால் போதுமா? எங்கே பழுது, யார் கையில் இருக்கிறது, எப்போது முடியும் என்ற விவரமெல்லாம் நிறுவனத்தின் உள் பதிவேட்டில் அல்லவா இருந்தது? உதவ வந்த வெளியாள் இருட்டில் துழாவ வேண்டியதுதான். நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய டெரி வைஸ்மன், அதற்குப் பதிலாக எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டு மென்பொருள் ஒன்றை எழுதினார். அதுதான் பக்ஸில்லா. முதலில் டிசிஎல் என்ற நிரல்மொழியில் எழுதியதை, அதிகம் பேர் அறிந்த பெர்ல் மொழிக்கு அவரே மாற்றினார். மேலும் பலர் கைகொடுக்க வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு.

ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண். அதன் கீழ், கண்டவர் யார், எவ்வளவு கடுமையானது, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, எந்த வெளியீட்டுக்குள் தீர வேண்டும் என்ற விவரங்கள். 'தீர்ந்தது' என்று எழுதியவுடன் கணக்கு முடிந்துவிடாது. சோதித்துப் பார்த்து 'சரிபார்க்கப்பட்டது' என்று குறிப்பதற்குத் தனி நிலை இருந்தது. திரும்பத் தலைகாட்டினால் அதே எண் மறுபடியும் திறக்கப்படும். 'எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறதே' என்று சொல்லி மூடுவதற்கும் ஒரு முத்திரை உண்டு! கணினி பழுதுபார்க்கக் கொண்டுபோன யாருக்கும் இந்தப் பதில் புதிதல்ல.

இந்தப் பிழை தீர்ந்தால்தான் அந்தப் பிழையைத் தொட முடியும் என்று எண்களை ஒன்றோடொன்று கோத்து வைக்கவும் வழி இருந்தது. புகார்ப் புத்தகம் வேலைத் திட்டமாக மாறியது இந்த இடத்தில்தான். புதிய பதிப்புக்குத் தடையாக இருக்கும் பிழைகளை ஒரே எண்ணின் கீழ்த் தொகுத்துவிட்டால், இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

தெரிந்தும் பயனில்லாமல் போன சந்தர்ப்பமும் உண்டு. பழைய நிரலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத முடிவானதால் காலம் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கிடையே ஏஓஎல் நிறுவனம் நெட்ஸ்கேப்பை வாங்கிவிட்டது. மொஸில்லா நிரல் முதிர்வதற்குள், 2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 கடைக்கு வந்தது. மெதுவானது, பிழை மலிந்தது என்று கடும் விமர்சனம் எழுந்தது. பட்டியல் கண்ணெதிரே இருந்தும் அவசரமே வென்றது. மொஸில்லா குழுவோ பொறுமையாகக் காத்திருந்து, 2002 ஜூன் 5ஆம் தேதிதான் தன் 1.0 பதிப்பை வெளியிட்டது. நிரல் திறந்துவிடப்பட்டு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

2003 ஜூலையில் ஏஓஎல் நெட்ஸ்கேப் உலாவிப் பிரிவையே கலைத்தது. வேலை பார்த்தவர்கள் போனார்கள், பதிவேடு போகவில்லை. எந்தப் பிழையை யார் கண்டார், எந்த வழியை முயன்று ஏன் கைவிட்டார் என்பதெல்லாம் எண் வாரியாக அப்படியே இருந்தது. அதே மாதம் உருவான மொஸில்லா அறக்கட்டளை அதைத் தொடர்ந்து நடத்தியது. 2004 நவம்பர் 9ஆம் தேதி வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 அந்தப் பதிவேட்டின் மேல் வளர்ந்ததுதான். அதன் எண்கள் 2014இல் பத்து லட்சத்தைத் தொட்டன. விலக்கும் உண்டு: விஷமிகள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்படும் வரை மறைத்து வைக்கப்படும். அது நியாயமே.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2002இல் தொடங்கப்பட்ட அட்லாசியன் நிறுவனத்தாரும் ஆரம்பத்தில் பக்ஸில்லாவைத்தான் பயன்படுத்தினர். அந்தப் பெயர் காட்ஸில்லாவை நினைவூட்டியதால், அந்த அசுரப் பிராணியின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'வையே செல்லப் பெயராக்கிக் கொண்டனர். பிறகு சொந்தமாக ஒரு மென்பொருள் எழுதியபோது முதலெழுத்தை மட்டும் வெட்டினர். இன்று உலகெங்கும் எத்தனையோ அலுவலகங்களில் வேலையைத் திட்டமிடவும் பின்தொடரவும் திறந்து வைத்திருக்கும் 'ஜிரா'வுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.