தோற்றவனுக்கு அழுபவர் யார்?

எந்த ஊர்க் குழந்தையும் சண்டைக் கதையைக் கேட்டு முடித்த பிறகு சும்மா இருப்பதில்லை. துடைப்பக் குச்சியை வில்லாக வளைக்கும். தலையணையைத் துரியோதனனாக்கி உதைக்கும். கதையைக் கேட்பது ஒரு சுகம் என்றால், அதை உடம்பால் நடத்திப் பார்ப்பது வேறொரு சுகம். இந்த இரண்டாவது சுகத்தைத் திருவிழாவாகவே வளர்த்தவர்கள் திருவண்ணாமலைச் சீமையின் கிராமத்து மக்கள். அதையே சிறு பெட்டிக்குள் அடைத்து விற்றவர்கள் ஜப்பானியர்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது.

ஜப்பானியரின் சரித்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984-ஆம் ஆண்டு அகிரா தோரியாமா என்னும் சித்திரக்காரர், ‘ஷோனென் ஜம்ப்’ என்ற வாரப் பத்திரிகையில் ‘டிராகன் பால்’ என்னும் படக்கதையைத் தொடங்கினார். தொடர்கதைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற நம்மவர்களைப் போல, அந்நாட்டுப் பிள்ளைகள் 1995 வரை வாராவாரம் காத்திருந்தார்கள். கதாநாயகன் பெயர் சோன் கோக்கு. சீனத்துப் பழங்கதை ஒன்றில் வரும் குரங்கு வீரனின் பெயரை ஜப்பானிய உச்சரிப்பில் சொன்னால் அதுதான். அந்தக் குரங்குக்குக் குருவாக வரும் துறவி வெறும் கற்பனை அல்லர்; 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்துபோன யுவான் சுவாங்கே அவர். ஆகவே, கோக்குவின் வம்சாவளியைக் கிளறினால் தொண்டை நாட்டு மண்ணும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்!

படக்கதை 1986-இல் தொலைக்காட்சிக்கு ஏறியது. அதன் இரண்டாம் பாகமான ‘டிராகன் பால் இசட்’ 1989-இல் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷமும் அதுவே. பின்னாளில் அம்மாவட்டத்துப் பிள்ளைகளும் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாகக் கோக்குவைச் சிநேகம் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே, 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் ஆட்டம், திரையில் இருவரை நேருக்கு நேர் மோதவிடும் விளையாட்டுக்கு உலகெங்கும் மோகத்தை உண்டாக்கியிருந்தது. 1993 மார்ச்சில் பண்டாய் நிறுவனம் கோக்குவையும் அந்தக் கோதாவில் இறக்கியது. ‘சூப்பர் புட்டோடென்’ என்று பெயர். நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் பெட்டியில் ஆடுவது.

அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. கதையில் வீரர்கள் ஒருவரையொருவர் உதைத்தால் மலைக்கு அப்பால் போய் விழுவார்கள். ஆகாயத்தில் பறந்துகொண்டே அடித்துக்கொள்வார்கள். சிறிய திரைக்குள் இதை எப்படிக் காட்டுவது? இருவரும் விலகிப் போனதும் திரையின் நடுவே ஒரு கோடு விழும். ஒரு பாதியில் ஒருவன், மறு பாதியில் மற்றவன். கிட்டே வந்ததும் கோடு மறைந்துவிடும். ஒரு பித்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் வீரனின் சக்தி ஏறும். ஏறிய சக்தியை ஒளிக்கற்றையாக எதிரிமேல் விடலாம்.

இனி நம் பக்கம் வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால், பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கூத்தைப் பட்டணத்தாருக்கும் அறிமுகம் செய்த கண்ணப்பத் தம்பிரானின் புரிசை இம்மாவட்டத்து ஊர்தான். கடைசி நாள் காலையில் நடப்பது படுகளம். களிமண்ணால் பிரம்மாண்டமான துரியோதனனைப் படுத்த நிலையில் செய்து வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனுமாக வேஷம் கட்டியவர்கள் அந்த மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். முடிவில் பீமன் தொடையில் அடிப்பான். மண்ணுக்குள் மறைத்து வைத்த செந்நிறம் பீறிடும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி.

இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. எல்லாருக்கும் தெரிந்த நெடுங்கதையிலிருந்து சண்டையை மட்டும் எடுத்துக் கண்முன் நிறுத்துகின்றன. ஆனால், கூத்தில் முடிவு மாறாது. துரியோதனன் வேஷக்காரர் எவ்வளவு பலசாலியானாலும் ஜெயிக்க முடியாது. விளையாட்டுப் பெட்டியிலோ ஃப்ரீசா என்னும் கொடியவன் கோக்குவை வெல்லலாம். விதியைப் பிள்ளைகளின் விரலில் கொடுத்துவிட்டார்கள். இது சின்ன விஷயமல்ல.

இன்னொரு பேதம் இதைவிடப் பெரிது. படுகளத்தில் துரியோதனன் விழுந்தவுடன் ஒப்பாரி எழும். அவனைச் சேர்ந்த பெண்ணாக வேஷமிட்டவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு புலம்புவார். அதுவரை பீமனுக்கு ஆரவாரம் செய்த கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கெட்டவன் விழ வேண்டும், ஆனால் அழ ஆளில்லாமல் விழக்கூடாது என்பது நம் கிராமத்து நியாயம். தோரியாமாவின் கதையிலும் இதன் சாயல் உண்டு. தோற்று ஊர்ந்துபோகும் வெஜிடாவைக் கொல்லாமல் விடச் சொல்கிறான் கோக்கு. அவனே பின்பு தோழனாகிறான். பெட்டிக்குள் வந்தபோது அடி வந்தது, உதை வந்தது, இந்த இரக்கத்துக்குப் பித்தான் வைக்கவில்லை. ஒருவன் சாய்ந்ததும் அடுத்த ஆட்டம்.

திருவண்ணாமலையில் இருக்கும் என் அக்காள் மகன் இந்தப் பழைய ஆட்டத்தை இப்போது கைப்பேசியில் ஆடுகிறான். பதினோரு வயது. ஒருநாள் வேண்டுமென்றே ஃப்ரீசாவை எடுத்து ஆடி ஜெயித்தான். ஜெயித்தவன் குதிக்கக் காணோம். “பாவம் மாமா, கோக்கு” என்றான். “நீதானேடா அடிச்சே?” என்றேன். “அதான் மாமா பாவமா இருக்கு” என்றான்.

தோரியாமா 2024 மார்ச்சில் காலமானார். இந்த ஆட்டங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று சொல்வோருக்கு என் பதில் இவ்வளவுதான்: சண்டையைப் பெட்டிக்காரன் கற்பித்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் அதற்கு முன்பும் ஓயாமல் சண்டை போட்டவர்கள்தாம். விழுந்தவனுக்காக ஒரு கணம் நிற்பதைக் கற்பிப்பது கதையின் வேலை. அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். வருஷத்துக்கு ஒருமுறையாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுகளத்தின் ஓரத்தில் நிறுத்துங்கள். அந்த ஒப்பாரி அவன் காதில் விழட்டும்.