அலுவலகக் கணினியின் கடவுச்சொல்: எது பூட்டு, எது வெறும் கதவு?

வடக்கு கிழக்கில் இயங்கும் சிறிய அலுவலகங்கள் பலவற்றில் ஒரு பிரதேசத்தின் துயரமே ஒரு கணினிக்குள் இருக்கிறது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு தடவையும் அதே தாய்மார் அதே கடிதங்களைப் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தார்கள். பெண்கள் அமைப்புகளிடமும் சட்ட உதவி நிலையங்களிடமும் ஊடகவியலாளர்களிடமும் கொடுத்தார்கள். சத்தியக்கடதாசி, அடையாள அட்டை இலக்கம், கண்ணால் கண்ட சாட்சியின் பெயர், அவர் இப்போது வசிக்கும் முகவரி எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு வன்தட்டில் இருக்கின்றன.

அந்தக் கணினி களவு போகலாம். திருத்தக் கொடுத்த கடையில் யாராவது கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். தேடுதல் என்று வந்தவர்கள் தூக்கிச் செல்லலாம். அப்போது பாதிக்கப்படுவது கணினியின் சொந்தக்காரர் மட்டுமல்ல, நம்பிப் பேசியவரும்தான்.

“பாஸ்வேர்ட் போட்டிருக்கிறோமே” என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் கணினியில் போடக்கூடிய கடவுச்சொற்கள் பல வகை. அவற்றில் ஒரு வகை மட்டுமே வன்தட்டில் உள்ளதைப் பாதுகாக்கிறது.

மூன்று வகைக் கடவுச்சொற்கள்

முதலாவது, விண்டோஸ் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல். இது வாசற்கதவு மாதிரி. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் கோப்புகள் அப்படியே தெரியும். கழற்றக்கூடத் தேவையில்லை. லினக்ஸ் உள்ள ஒரு பென் ட்ரைவைச் செருகிக் கணினியை இயக்கினாலே சில நிமிடங்களில் பிரதியெடுத்துவிடலாம்.

இரண்டாவது, கணினி இயங்கத் தொடங்கும்போதே, விண்டோஸ் வருவதற்கு முன், கறுப்புத் திரையில் கேட்கும் பயோஸ் கடவுச்சொல். இதுவும் கணினியைத்தான் தடுக்கிறது, தட்டை அல்ல. பயோஸிலேயே வன்தட்டுக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் வைக்கும் வசதி சில கணினிகளில் உண்டு. அது தட்டோடு கூடவே போகும் என்பதால் சற்றுப் பலமானது. ஆனாலும் பல தட்டுகளில் உள்ளே இருக்கும் தரவு மாறாமல் வெறுமையாகவே கிடக்கிறது. தரவைத் தானே மறைகுறியாக்கும் எஸ்எஸ்டி தட்டுகளிலும் குறை உண்டு. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் குரூஷியல், சம்சுங் நிறுவனங்களின் சில எஸ்எஸ்டி மாதிரிகளைச் சோதித்து, கடவுச்சொல் தெரியாமலேயே அவற்றின் பாதுகாப்பைத் தாண்டலாம் என்று காட்டினார்கள்.

மூன்றாவது, முழு வன்தட்டு மறைகுறியாக்கம். இதில் தட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பும் திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாத குறிகளாக மாற்றப்படுகிறது. தட்டைக் கழற்றினாலும் பிரதியெடுத்தாலும் கிடைப்பது குப்பை மட்டுமே. உண்மையான பூட்டு இதுதான்.

எப்படிச் செய்வது?

விண்டோஸ் ப்ரோ பதிப்பில் பிட்லொக்கர் இருக்கிறது. ஸ்டார்ட் பகுதியில் பிட்லொக்கர் என்று தேடினால் வரும். விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அதன் எளிய வடிவம் உண்டு. இரண்டும் இல்லாத கணினிக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் உதவும். அப்பிள் கணினிகளில் ஃபைல்வோல்ட்டை இயக்கினால் போதும். லினக்ஸ் என்றால் நிறுவும்போதே மறைகுறியாக்கத்தைத் தெரிவுசெய்வதுதான் சுலபம்.

தொடங்கும் முன் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டுகளில் இந்த வேலை பல மணிநேரம் பிடிக்கும். பிட்லொக்கர் ஓடும்போது இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிட்லொக்கர் பல கணினிகளில் ஒன்றும் கேட்காமலே திறந்துகொள்ளும்படி அமைந்திருக்கும். தொடங்கும்போது தனியாக ஒரு பின் இலக்கம் கேட்கும்படி மாற்றுவது கூடுதல் பாதுகாப்பு. கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்த வரி நல்லது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். உங்களைத் தெரிந்தவர் முதலில் முயன்று பார்ப்பது அதைத்தான்.

மீட்புத் திறப்பு யாரிடம்?

பிட்லொக்கரை இயக்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பு ஒன்று உருவாகும். கடவுச்சொல் மறந்தாலோ கணினியின் பாகம் மாற்றப்பட்டாலோ அது இல்லாமல் எதையும் மீட்க முடியாது. கணினிக் கடைக்காரராலும் மைக்ரோசொப்டாலும் பூட்டை உடைக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றில் நுழைந்தவுடன் மறைகுறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. மீட்புத் திறப்பும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. கணினியை விற்ற கடைக்காரரோ வேலையை விட்டுப் போன ஊழியரோ தன் கணக்கைப் போட்டிருந்தால், உங்கள் அலுவலகத்தின் திறப்பு இன்றும் அவரிடம்தான். இன்றே பாருங்கள். நிறுவனத்தின் கணக்கில் இருந்தாலும், சட்டபூர்வமான உத்தரவு வந்தால் மைக்ரோசொப்ட் அதைக் கொடுக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

திறப்பைத் தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, அலுவலகத்துக்கு வெளியே இரண்டு இடங்களில், பொறுப்பான இருவரிடம் வைப்பது நல்ல வழி. கணினி மேசை லாச்சிக்குள் வைத்தால் பூட்டோடு திறப்பைக் கட்டித் தொங்கவிட்டது போலாகும்.

ஆவணங்களுக்கும் இரண்டாவது பிரதி வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவேயில்லை. பிரதி எடுக்கும் வெளிப்புற வன்தட்டையும் பென் ட்ரைவையும் இதேபோல் மறைகுறியாக்க வேண்டும். கணினியைப் பூட்டிவிட்டுப் பென் ட்ரைவைப் பையில் திறந்தபடி கொண்டுதிரிவதில் பயனில்லை.

இந்தப் பூட்டால் முடியாதவை

மறைகுறியாக்கம் கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே முழுமையாகக் காக்கும். வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மடித்து வைக்காமல் முற்றாக நிறுத்துங்கள். மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் ஏற்கனவே போன பிரதிகளை இது தொடாது.

அதைவிட முக்கியமானது, அச்சுறுத்திக் கடவுச்சொல்லைக் கேட்பவர்களிடமிருந்து எந்த மென்பொருளும் காப்பாற்றாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்கள் வாழும் ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே அழைக்க வேண்டிய சட்டத்தரணியின் இலக்கம் ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். பொருட்களை எடுத்துச் சென்றால் எழுத்தில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். சாட்சியின் வாக்குமூலத்தில் பெயருக்குப் பதில் ஓர் இலக்கத்தை இட்டு, பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். இனித் தேவைப்படாத விபரங்களைச் சேர்த்து வைக்காதீர்கள். இல்லாத கோப்பை யாராலும் எடுக்க முடியாது.

அலுவலகக் கணினி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இன்றிரவு இது களவு போனால் இதிலுள்ள பெயர்களை யாராவது வாசிக்க முடியுமா? நாளை இது பழுதானால் அந்தப் பெயர்கள் நம்மிடம் மிஞ்சுமா? முதலாவதற்கு “முடியாது”, இரண்டாவதற்கு “மிஞ்சும்” என்று சொல்ல முடிந்தால்தான், நம்பித் தந்தவர்களின் ஆவணங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன என்று சொல்லலாம்.