மொன்டே கார்லோச் சக்கரமும் சூதாடிகளின் முறைகளும்

நளன் சூதாடி நாடிழந்த கதையை அறியாத மாணவர் நம்மிடையே இலர். அக்கதையின் பிற்பகுதியில் வரும் ஒரு செய்தியோ பலராலும் கவனிக்கப்படுவதில்லை. தனக்குத் தேரோட்டி வந்த நளனுக்கு, வழியில் நின்ற தான்றிமரம் ஒன்றின் இலையும் காயும் இத்துணையென மன்னன் இருதுபன்னன் கண்ட அளவிற் கூறினான். எண்ணிப் பார்த்தபோது அக்கணக்குச் சரியாயிருந்தது. கணக்கும் கவறும் ஆகிய இரண்டின் நுட்பத்தையும் அறிந்த அம்மன்னனிடம் அவ்வித்தையைப் பெற்ற பின்னரே நளன் இழந்ததை மீட்டான். சூதின் இயல்பை அறிய எண்ணுதல் வேண்டும் என்ற கருத்து அக்கதையில் அமைந்து கிடக்கின்றது. ஐரோப்பிய வரலாற்றில் அக்கருத்து எவ்வாறு வளர்ந்தது, அதனைச் சூதாடிகள் எவ்வாறு புறக்கணித்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறுதல் வேண்டும். என்னிடம் முன்னர்ப் பயின்ற ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். அயல்நாட்டு மண்டபமொன்றிற் சுழலும் ரூலெட் சக்கரத்தைக் கைத்தொலைபேசியின் திரையிற் கண்டவாறே பந்தயங் கட்டுவது அவர் வழக்கமாயிருந்தது. நூறு ரூபாவிற் றொடங்கி, தோற்குந்தோறும் இருமடங்கு கட்டி, வென்றதும் மீண்டும் நூறுக்கு வருவது அவர் முறை. இவ்வாறு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா வீதம் அறுபது நாள் வென்றதைத் தம் கொப்பியில் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார். மனைவியின் நகையை ஈடுவைத்துப் பணயத்தைப் பத்துமடங்காக்கலாமா என்பதே அவர் வினா. யான் வரலாறு கற்பிப்பவன். கணிதம் என் துறையன்று. ஆயினும் அவ்வினாவிற்கு வரலாறு முன்னரே விடையிறுத்திருக்கின்றது.

ரூலெட் என்னும் பிரெஞ்சுச் சொல் சிறுசக்கரம் எனப் பொருள்படும். அதனை ஆக்கியவர் கணித மேதை பஸ்கால் என்பாருளர். அதற்குத் தக்க சான்றில்லை. பஸ்கால் செய்தது வேறொன்று. இடையில் நிறுத்தப்பட்ட ஓர் ஆட்டத்திற் பணயத்தை எவ்வாறு பங்கிடுதல் தகும் என்பதுபற்றி அவரும் பெர்மாவும் 1654 ஆம் ஆண்டிற் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவு என்னுங் கணிதத்துறை அக்கடிதங்களிலிருந்து கிளைத்தது. 1657 இல் ஹைகன்ஸ் அதனைச் சிறு நூலாக்கினார். ஒரு செயலைப் பன்முறை நிகழ்த்துமிடத்து, விளைவின் வீதம் அதன் உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என்பதை யாக்கோபு பேர்ணூலி நிறுவினார். அவர் நூல் அவர் இறந்து எட்டாண்டு கழித்து 1713 இல் வெளிவந்தது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரூலெட் பாரிசு நகரிற் பரவியபோது அதனை அளந்தறிவதற்கு வேண்டிய கணக்கு முன்னரே ஆயத்தமாயிருந்தது. அக்கணக்கை மண்டபங்களை நடத்தியவர் நன்கு பயன்படுத்தினர்.

அவருள் முதன்மையானோர் லூயி பிளாங்க், பிரான்சுவா பிளாங்க் என்னும் இரட்டையர். 1837 ஆம் ஆண்டின் இறுதியோடு பிரான்சிற் சூதாட்ட மண்டபங்கள் மூடப்பட்டன. இரட்டையர் பின்னர் ஜேர்மனியிலுள்ள ஹொம்பேர்க் நகரை அடைந்தனர். அக்காலச் சக்கரங்களிற் பூச்சியமும் இரட்டைப் பூச்சியமும் என மண்டபத்துக்குரிய குழிகள் இரண்டு இருந்தன. 1843 இல் அவர்கள் இரட்டைப் பூச்சியத்தை நீக்கினர். மண்டபத்தின் பங்கு குறைந்ததாயினும் ஆடுவோர் தொகை பெருகிற்று. மொனாக்கோவோ அந்நாளில் வறுமையுற்றிருந்தது. மென்றோன், ரொக்புரூன் என்னும் இரு நகர்கள் 1861 இல் பிரான்சுக்குச் சென்றமையால் அந்நாடு தன் நிலத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தது. 1863 இல் மூன்றாம் சார்ல்ஸ் இளவரசரின் ஆட்சியிற் பிரான்சுவா பிளாங்க் ஐம்பதாண்டு உரிமை பெற்றார். மண்டபம் நின்ற குன்று 1866 இல் இளவரசர் பெயரால் மொன்டே கார்லோ எனப்பட்டது. 1868 இல் இருப்புப்பாதை வந்தது. அடுத்த ஆண்டிற் குடிமக்களின் நேர்வரிகள் நீக்கப்பட்டன. 1872 இன் இறுதியில் ஜேர்மன் மண்டபங்களும் மூடப்படவே, போட்டியும் ஒழிந்தது. தன் குடிமக்கள் அம்மண்டபத்தில் ஆடுவதை மட்டும் மொனாக்கோ அரசு தடைசெய்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனிச் சக்கரத்தின் கணக்கைக் காண்போம். மொன்டே கார்லோச் சக்கரத்திற் குழிகள் 37. சிவப்பு 18, கறுப்பு 18, பூச்சியம் ஒன்று. ஓர் இலக்கத்தின்மேற் கட்டி வென்றவருக்கு 35 மடங்கு கிடைக்கும். ஆட்டம் நடுவுநிலையாயின் 36 மடங்கு கிடைத்தல் வேண்டும். அவ்வொரு மடங்கே மண்டபத்தின் வாழ்வு. கட்டப்படும் ஒவ்வொரு 37 ரூபாவிலும் சராசரியாக ஒரு ரூபா, அதாவது நூற்றுக்கு 2.7, மண்டபத்தைச் சேர்கின்றது. பூச்சியம் விழும்போது நிறப்பந்தயத்தின் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் மேசைகளில் அப்பந்தயத்துக்கு இது 1.35 ஆகும். இரட்டைப் பூச்சியமுள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 5.26 ஆகும். இவ்விகிதத்தை வெல்லவே முறைகள் பல எழுந்தன.

அவற்றுள் மூத்தது மாட்டிங்கேல் எனப்படும் இருமடங்கு முறை. 1754 இல் வெனிசு நகரிற் கசனோவா இம்முறையாற் சீட்டாடிப் பொருளிழந்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்பிற் கூறுகின்றார். தோற்றால் ஓரலகு கூட்டி வென்றால் ஓரலகு குறைக்கும் முறை தலம்பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயரால் வழங்குகின்றது. இலக்க வரிசையொன்றை எழுதி, வெல்லுந்தோறும் இரு முனைகளையும் அடித்துச் செல்லும் முறை ஆங்கில அரசியலாளர் லபூஷேர் பெயரைத் தாங்கியுள்ளது. வடிவம் வேறாயினும் இவை யாவும் ஒரு பண்பினவே. சிறு வெற்றிகளைப் பலவாக்கித் தோல்வியை அரிதாக்குகின்றன. அரிதான தோல்வியைப் பெரிதாக்கியும் விடுகின்றன.

எம் மாணவரின் முறையையே எடுத்துக்கொள்வோம். மேசையின் உச்ச வரம்பு ஓரிலட்சம் ரூபா என்க. 100, 200, 400 எனப் பெருகிப் பத்தாம் பந்தயம் 51,200 ஆகும். பத்தும் தோற்றால் இழப்பு 1,02,300 ரூபா. பதினோராம் பந்தயத்துக்கு வேண்டிய 1,02,400 ரூபாவை வரம்பு ஏற்காது. தொடர்ந்து பத்துமுறை தோற்பதற்கு நிகழ்தகவு ஏறத்தாழ 784 இல் ஒன்று. எனவே 784 சுற்றுகளிற் சராசரியாக 783 முறை நூறு ரூபா வீதம் 78,300 வெல்வார். ஒருமுறை 1,02,300 இழப்பார். எஞ்சுவது 24,000 ரூபா நட்டம். நூறு ரூபாவை வெல்லும் பொருட்டு அவர் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 1,130 ரூபாவை மேசைமேல் வைக்கின்றார். அத்தொகை முழுவதிலும் மண்டபம் தன் முப்பத்தேழில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றது.

அவ்வாறாயின் அறுபது நாள் வென்ற கொப்பி பொய்யோ எனின், அன்று. நாளுக்குப் பத்துச் சுற்றாக அறுநூறு சுற்று ஆடும் நூறு பேரில் ஏறத்தாழ 46 பேர் அத்தோல்வியை ஒருமுறையேனுங் காணாது தப்புவர். அந்நாற்பத்தறுவர் கையிலும் அதே கொப்பி இருக்கும். மற்றவரோ தம் கொப்பியைப் பிறருக்குக் காட்டுவதில்லை.

நீண்ட தொடர்கள் நிகழா என எண்ணுவோர் 1913 ஆகஸ்டு 18 ஆந் தேதியை நினைத்தல் வேண்டும். அன்று மொன்டே கார்லோவிற் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று எண்ணியோர் மேன்மேலும் சிவப்பிற் கட்டிப் பெரும்பொருள் இழந்தனர். குறித்த 26 சுழற்சிகளில் அவ்வாறு நிகழ்வதற்கு நிகழ்தகவு ஏறத்தாழ 13 கோடி 68 இலட்சத்தில் ஒன்று. ஆயினும் 25 முறை கறுப்பு விழுந்தபின் அடுத்த முறையும் கறுப்பு விழும் நிகழ்தகவு முன்போலவே 37 இல் 18 தான். சக்கரத்துக்கு நினைவில்லை.

முறையால் வென்றதாகப் புகழ்பெற்றோர் கதி யாது? 1891 இல் சார்ல்ஸ் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர் பன்முறை வங்கியை முறித்தார். வங்கியை முறித்தலாவது ஒரு மேசையில் வைத்த பணத்தை முழுதும் வெல்லுதல். மண்டபம் அதனால் அழிவதில்லை. அவர் புகழைப் பாடிய ஒரு பாட்டு ஆங்கில நாடெங்கும் பரவிற்று. 1893 இலோ அவர் வேறு மோசடிகளுக்காக எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1908 இல் ரொஸ்லின் பிரபு தம் முறையை நிலைநாட்ட, பொறியியலாளர் ஹைரம் மக்சிம் என்பாருடன் இலண்டனிற் போலிப் பணங்கொண்டு பன்னாட்கள் ஆடினார். இறுதியில் தோற்றவர் பிரபுவே.

சக்கரத்தை உண்மையில் வென்றோரும் சிலருளர். அவர்கள் பந்தயத் தொகையை மாற்றியவரல்லர், சக்கரத்தை ஆராய்ந்தவர். யோர்க்ஷயர் நெசவாலைத் தொழிலறிந்த ஜோசப் ஜாகர், விழும் எண்களை எழுத ஆட்களை அமர்த்தி, கோணலுற்ற ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்துப் பெரும்பொருள் வென்றார். மண்டபம் சக்கரங்களை மாற்றியமைக்கவே அவ்வாய்ப்பு மறைந்தது. 1961 இல் எட்வேட் தோர்ப், குளோட் ஷனன் என்னும் அறிஞர் இருவர், பந்தின் வேகத்தை அளந்து விழுமிடத்தை முன்னறியும் சிறு கணிப்பொறியொன்றை உடலில் மறைத்துச் சென்று லாஸ் வேகாசிற் சோதித்தனர். 1985 இல் நெவாடா மாநிலம் அத்தகைய கருவிகளைத் தடைசெய்தது.

கணித உலகம் இவ்வழக்கை இருபதாம் நூற்றாண்டில் முடித்துவைத்தது. எழுந்தமானமான வரிசையில் எம்முறையாலும் மிகுபயன் பெறவியலாது என்பதை 1919 இல் பொன் மீசஸ் ஓர் அடிப்படைக் கோட்பாடாகவே கொண்டார். 1939 இல் ஜான் வில் சூதாடிகளின் மாட்டிங்கேல் என்ற சொல்லையே கணிதக் கலைச்சொல்லாக்கினார். பின்னர் டூப் என்னும் அமெரிக்கர் அதனை விரித்து, பாதகமான ஆட்டம் பந்தய ஒழுங்கினாலோ நிறுத்தும் வேளையினாலோ சாதகமாகாது என்பதைத் தக்க நிபந்தனைகளுடன் நிறுவினார். 1956 இல் கெல்லி என்பவர், கையிலுள்ள பொருளில் எத்துணைப் பங்கைப் பணயம் வைத்தல் தகும் என்பதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். சாதகமில்லாத ஆட்டத்துக்கு அச்சூத்திரம் தரும் விடை பூச்சியம்.

ஆதலின் இடரை அடக்கியாளுதல் என்று இன்று கூறப்படுவதன் பொருள் மிகச் சுருங்கியது. இழக்கத்தக்க தொகையை முன்னரே வரையறுத்தல், கடன்பட்டோ ஈடுவைத்தோ ஆடாமை, இழந்ததை மீட்கப் பணயத்தைக் கூட்டாமை என்பவை இழப்பின் அளவைக் கட்டுப்படுத்தும், இலாபத்தைத் தாரா. மணிக்கு நாற்பது முறை நூறு ரூபா கட்டுபவர் அம்மணிக்குச் சராசரியாக 108 ரூபா கொடுக்கின்றார். அதனைப் பொழுதுபோக்கின் விலையென எண்ணுபவர் எண்ணுக. வருவாயென எண்ணுபவர் ஏமாறுவர். மண்டபம் மொனாக்கோவில் இருப்பினும் கைத்தொலைபேசியின் திரையில் இருப்பினும் கணக்கு ஒன்றே.

பத்துத் தோல்விகளின் நிகழ்தகவை எம் மாணவரைக் கொண்டே கணிக்கச் செய்தேன். பத்தொன்பதை முப்பத்தேழால் வகுத்துப் பத்துமுறை பெருக்குவது அவருக்கு அரிதாயிருக்கவில்லை. விடையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நெடுநேரம் அதனையே பார்த்திருந்தார். நகையைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. அக்கணக்கு நம் உயர்தர வகுப்பில் ஆண்டுதோறுங் கற்பிக்கப்படுவதே. பரீட்சைக்குப் பின்னும் அதனை மாணவர் மறவாதிருக்கும்படி கற்பிக்கின்றோமா என்று ஆசிரியராகிய நாமே எம்மைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.