பெருஞ்சதமும் சேகரிப்போர் கழகமும்

பொன் நாணயம் அரசின் பெருமையைப் பேசும். செப்புக்காசோ மக்களின் கையிலே தேய்ந்த வரலாற்றைப் பேசும். ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்சதம் இதற்குத் தக்க சான்றாகும்.

பிலடெல்பியா நாணயசாலை 1793 இல் வெளியிடத் தொடங்கிய இக்காசு 1857 வரை அச்சிடப்பட்டது. உற்பத்திச் செலவு உயரவே, அவ்வாண்டுப் பெப்ரவரிச் சட்டம் அதனையும் அரைச்சதத்தையும் நிறுத்தியது. சிறிய சதமொன்று பெருஞ்சதத்தின் இடத்தைப் பெற்றது. அன்றாடம் புழங்கியபோது பொருட்படுத்தப்படாத காசு, மறையத் தொடங்கியதும் தேடப்படும் பொருளாயிற்று. மறு ஆண்டிலேயே நியூயோர்க்கில் அமெரிக்க நாணயவியற் சங்கம் தோன்றியமை ஈண்டு குறிப்பிடத்தக்கது.

ஆயினும், சேகரிப்போர் ஒன்றுகூட வேண்டிய தேவை யாது? தொடக்ககால அச்சுக்கள் கையாற் செதுக்கப்பட்டவை. ஆதலால் ஓராண்டுக்குரிய காசுகளே சுதந்திரத் தேவியின் கூந்தலமைப்பிலும் எழுத்துக்களின் இடைவெளியிலும் வேறுபட்டன. தனியொருவரின் சேகரிப்பைக் கொண்டு இவ்வேறுபாடுகளை முற்றாக வகைப்படுத்தல் அரிது. 1967 இல் தோன்றிய தொடக்ககால அமெரிக்கச் செப்புக்காசுக் கழகம் இத்தேவையை நிறைவு செய்தது. எனவே, கழகத்திற் சேர்தல் என்பது தன் காசைப் பிறர் பார்வைக்கு உட்படுத்தச் சம்மதித்தலேயாம்.

வில்லியம் ஷெல்டனின் வரலாறு இதனை நன்குணர்த்தும். 1949 இல் வெளிவந்த அவரது நூல் 1793 முதல் 1814 வரையான சதங்களை வகைப்படுத்தியது. அவர் இட்ட எண்களே இன்றும் வழங்குகின்றன. அத்தகையவரே மேற்கூறிய சங்கத்தின் சிறந்த காசுகளைக் கவர்ந்து, தாழ்ந்தவற்றை அவ்விடத்தில் வைத்தமை பின்னாளில் வெளிப்பட்டது. அதனை வெளிக்கொணர்ந்ததும் செப்புக்காசு பயின்றோரின் நுணுகிய ஒப்பீடேயாகும். ஓர் அறிஞரின் புகழினும் பலர் கண் வலிது எனலாம்.